பாசிவ் பேஸ் கிட்டாரின் மழுங்கிய ஒலியைக் கணீரென்று ஆக்குவது எப்படி?

நாலுதந்தி:

வணக்கம். என்னிடம் இருப்பது மின்கலம் எதுவும் தேவைப்படாத, நான்கு தந்திகள் கொண்ட பாசிவ் பேஸ் கிட்டார். இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரே பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம் குமிழ், ஒரு டோன் குமிழ். அதன் மின்சுற்று அவ்வளவுதான். தனியே வாசிக்கும்போது குறை எதுவும் தெரிவதில்லை. ஆனால் இரண்டு கிட்டார்களும் டிரம்ஸும் சேர்ந்தவுடன் என் வாசிப்பு வெறும் உறுமலாகிவிடுகிறது. எந்தச் சுரம் எங்கே தொடங்குகிறது என்பதை வாசிக்கிற எனக்கே பிரித்துக் கேட்க முடிவதில்லை.

டோன் குமிழ் எப்போதும் முழுவதும் திறந்தே இருக்கிறது. ஆம்பின் டிரெபிளை முழுவதும் ஏற்றிப் பார்த்தேன், கூடியது இரைச்சல்தான். தந்திகளை மாட்டி எட்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன, துரு எதுவும் இல்லை. கிட்டாரிலிருந்து 6 மீட்டர் கேபிள் ஒன்று தரையில் உள்ள மூன்று பெடல்களுக்குச் செல்கிறது. மூன்றும் அணைத்தால் ஒலியை அப்படியே கடத்திவிடும் வகை. அங்கிருந்து இன்னொரு 6 மீட்டர் கேபிள் ஆம்புக்குச் செல்கிறது. பதிவு செய்யும்போது கிட்டாரை நேரே மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகுகிறேன். அங்கே ஒலி இன்னும் மோசம். கதவு சாத்திய அறைக்கு வெளியே நின்று கேட்பதைப் போல இருக்கிறது.

டோன் குமிழில் உள்ள 47 நானோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 22 நானோஃபாரட் போட்டால் ஒலி தெளியும் என்று ஒருவர் சொல்கிறார். மின்கலத்தின் துணையோடு ஒலியை உயர்த்தும் ஆக்டிவ் ப்ரீஆம்ப் ஒன்றை உள்ளே பொருத்துவதே வழி என்கிறார் இன்னொருவர். அதற்காக மரத்தைக் குடைய எனக்கு மனம் வரவில்லை. முதலில் எதைச் செய்வது?

ஈயப்புகை:

கெபாசிட்டரைத் தொடாதீர்கள். உங்கள் குறைக்கும் அதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை.

பாசிவ் கிட்டாரின் டோன் குமிழால் எதையும் கூட்ட முடியாது. அது ஒரு மடை மட்டுமே. பிக்கப்பிலிருந்து வரும் ஒலியில் உயர் அதிர்வெண்களை மட்டும் பிரித்து எர்த்துக்கு வடித்துவிடுவது அதன் வேலை. குமிழில் உள்ள மின்தடை மடையின் பலகை என்றால், கெபாசிட்டர் பலகைக்கு அப்பால் உள்ள வாய்க்கால். குமிழை 10-இல் வைத்திருக்கும்போது பலகை அடைபட்டிருக்கிறது. அப்போது வாய்க்கால் அகலமா குறுகலா என்பது பெரிதல்ல. 3,000 ஹெர்ட்ஸில் 47 நானோஃபாரட் கெபாசிட்டர் காட்டும் எதிர்ப்பு சுமார் 1.1 கிலோ ஓம், 22 நானோஃபாரட் காட்டுவது சுமார் 2.4 கிலோ ஓம். இரண்டும் 250 கிலோ ஓம் குமிழுக்குப் பின்னால் தொடராக நிற்கையில் அந்த வேறுபாட்டை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. குமிழைக் குறைத்து வாசிப்பவருக்குத்தான் சிறிய கெபாசிட்டரால் பயன். அவருக்கு ஒலி அவ்வளவு ஆழமாக மழுங்காது.

ஆனால் அடைபட்ட பலகையிலும் கசிவு உண்டு. வால்யூம் குமிழ் 250 கிலோ ஓம், டோன் குமிழ் 250 கிலோ ஓம் என்றால், உயர் அதிர்வெண்களில் அவை இரண்டும் இணையாகச் சேர்ந்து 125 கிலோ ஓம் சுமையாகப் பிக்கப்பின் தலையில் ஏறுகின்றன. இரண்டையும் 500 கிலோ ஓமாக மாற்றினால் சுமை 250 கிலோ ஓமாகத் தளர்ந்து, பிக்கப்பின் ஒத்திசைவு முகடு, அதாவது அது மிக வலுவாக ஒலிக்கும் அதிர்வெண்ணில் எழும் மேடு, கொஞ்சம் எழும்பும். டோன் குமிழுக்கு மட்டும், 10-க்கு வந்ததும் சுற்றிலிருந்து தானே துண்டித்துக்கொள்ளும் வகைக் குமிழ் கிடைக்கிறது. அதைப் போட்டால் அந்த முனையில் கசிவே இருக்காது. புதிதாக வாங்குமுன் இப்போது உள்ளவற்றை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இவற்றில் 20 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் சாதாரணம். 250 என்று அச்சிட்ட குமிழ் 200 கிலோ ஓமாக இருப்பதும் உண்டு.

குமிழ்களைவிடப் பெரிய களவாளி உங்கள் கேபிள்கள் என்றே நினைக்கிறேன். கேபிளின் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் சேர்ந்து ஒரு நீண்ட கெபாசிட்டராகின்றன. சாதாரண கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். பெடல்கள் அணைந்திருக்கும்போது உங்கள் பிக்கப் 12 மீட்டரையும் ஒரே கேபிளாகத்தான் பார்க்கிறது. பிக்கப்பின் தூண்டம் 5 ஹென்றி, அதன் சொந்த மின்தேக்குதிறன் 100 பைக்கோஃபாரட் என்று கொண்டால், 12 மீட்டர் கேபிளோடு ஒத்திசைவு 1,975 ஹெர்ட்ஸ் அளவில் விழுகிறது. 6 மீட்டர் என்றால் 2,690, 3 மீட்டர் என்றால் 3,560. அந்த முகட்டுக்கு மேல் ஒலி சரசரவென்று சரிந்துவிடுவதால், முகடு எங்கே நிற்கிறது என்பதே உங்கள் கிட்டாரின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. பிக்கப்பின்மேல் சுமை ஏற்றாமல் ஒலியை வாங்கி வலுவோடு அனுப்பும் பஃபர் ஒன்றைப் பெடல் வரிசையின் தொடக்கத்தில் வைத்தால் அதற்குப் பின்னால் உள்ள கேபிளின் நீளம் பிக்கப்பைப் பாதிக்காது. முன்னால் உள்ள கேபிளைச் சிறிதாக்கினால் இன்னும் நல்லது.

செலவு செய்யுமுன் ஒரு சோதனை. பிக்கப்பின் இரண்டு கம்பிகளையும் குமிழ்களிலிருந்து கழற்றி, முதலைக் கிளிப்புகளால் நேரே ஜாக்கோடு இணைத்து, குட்டைக் கேபிளில் வாசித்துப் பாருங்கள். அந்தப் பிக்கப்பால் தர முடிந்த உச்சம் அதுதான். அது உங்களுக்குப் போதுமானால் இழப்பு சுற்றில் இருக்கிறது. அதுவும் மங்கலாகவே இருந்தால் குமிழை மாற்றிப் பயனில்லை.

தாழ்சுரம்:

ஈயப்புகை போட்ட கணக்கில் எனக்கு மறுப்பில்லை. அவர் தொடங்கிய இடத்தில்தான் மறுப்பு. தந்தியில் பிறக்காத ஒலியைக் கேபிள் எப்படித் திருடும்?

கேபிளைக் கழற்றிவிட்டு, கிட்டாரின் மேல் கொம்பில் காதை ஒட்டி, தடித்த தந்தியை மீட்டிக் கேளுங்கள். புதிய தந்தி அப்போது பியானோவைப் போல ஒலித்து, அடியில் ஓர் உலோகச் சலசலப்போடு நெடுநேரம் நிற்கும். எட்டு ஒன்பது மாதத் தந்தி "தொம்" என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். துரு இல்லை என்பது ஓர் அளவுகோலே அல்ல. சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் தோல் எண்ணெயும் தூசியும் படிந்து, மேற்சுரங்களை அவை எழும் கணத்திலேயே அமுக்கிவிடுகின்றன. அடிச்சுரம் மட்டும் தப்பிவிடுவதால், தனியே வாசிக்கும்போது குறை தெரியாது. நீங்கள் சொல்லும் உறுமல் அதுதான்.

எந்த வகைத் தந்தி என்று நீங்கள் எழுதவில்லை. தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வவுண்ட் என்றால் மற்ற பேச்சுக்கே இடமில்லை. அவை மந்தமாக ஒலிப்பதற்காகவே செய்யப்பட்டவை. அந்த மந்தத்தை விரும்பியே தேடுகிறவர்களும் உண்டு. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தந்திகளை மாற்றவே மாட்டார் என்று பேர்பெற்றவர், அந்த ஒலியை இன்றும் எத்தனையோ பேர் துரத்துகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். உருண்டைச் சுற்றுள்ள ரவுண்ட்வவுண்ட், அதிலும் நிக்கல் பூச்சு இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தந்திகளிலேயே மிகக் கணீரென்று ஒலிப்பது. விரல்களுக்குச் சொரசொரப்பாக இருக்கும், கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளையும் கொஞ்சம் விரைவாகத் தேய்க்கும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மாட்டும் விதத்திலும் ஒலி கெடும். தந்தியை வெட்டுமுன், வெட்டப்போகும் இடத்தில் செங்கோணமாக மடித்துவிட்டுப் பிறகுதான் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால், சில தந்திகளில் வெளிச்சுற்று உள்கம்பியின்மேல் நழுவி, புதுத் தந்தியே செத்த தந்தியாக ஒலிக்கும். சுருதி சேர்த்த பிறகு, உடல்பக்கத்துப் பிரிட்ஜில் தந்தி அமரும் சாடிலுக்கு முன்னாலும், கழுத்தின் உச்சியில் தந்தி அமரும் நட்டுக்குப் பின்னாலும் தந்தியை விரலால் மெல்ல அழுத்திவிடுங்கள். சாடிலைத் தாண்டும் இடத்தில் தந்தி வில்லாக வளைந்து நிற்காமல் தெளிவாக முறிந்து இறங்கினால், சுரத்தின் தொடக்கம் கூர்மையாகும். பிரிட்ஜ் மூடி இருக்கும் கிட்டார் என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள். சிலவற்றில் தந்திகளை அமுக்குவதற்கென்றே ஒரு நுரைப்பஞ்சு உள்ளே ஒட்டியிருக்கும்.

புதிது வாங்கும் வரை பழையதைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்தி மாட்டலாம். அழுக்கு போகும், ஒலி திரும்பும், ஆனால் சில நாட்களே நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைப்பது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதை நெருப்பின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து உங்கள் வலக்கை. கழுத்தின் பக்கம் மீட்டுகிறீர்களா, பிரிட்ஜின் பக்கமா? ஒரு தந்தியை அதன் நட்ட நடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் பிறப்பதே இல்லை. பிரிட்ஜை நோக்கி விரல் நகர நகர மேற்சுரங்கள் பெருகுகின்றன, அடிச்சுரம் மெலிகிறது. பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் கையை வைத்து ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். பிளெக்ட்ரமும் வெட்கப்பட வேண்டிய பொருள் அல்ல.

மேடையோரம்:

மேடைக்கு ஒலியமைப்பு செய்பவன் என்ற முறையில் மூன்று செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது, அந்த லைன் உள்ளீடு. பதிவில் ஒலி மோசமாக இருப்பதற்கு உங்கள் கிட்டார் காரணமே அல்ல. லைன் உள்ளீடு கீபோர்டு போன்ற கருவிகளுக்காகச் செய்யப்பட்டது. அதன் மின்மறுப்பு (உள்ளே வரும் ஒலிக்கு அது காட்டும் மின் எதிர்ப்பு) பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். ஈயப்புகை எடுத்துக்கொண்ட 5 ஹென்றி பிக்கப்பின் சுருள் மின்தடையும் ஏறக்குறைய 10 கிலோ ஓம் என்று கொண்டால், அதை அங்கே செருகும்போது 640 ஹெர்ட்ஸுக்கு மேலேயே ஒலி சரியத் தொடங்கிவிடும். கீழே உள்ள ஒலியும் பாதியாகிவிடும். 250-ஆ 500-ஆ என்று பேசிக்கொண்டிருக்கும் குமிழ்கள் இந்தச் சுமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கருவிகளுக்கென்று தனியே குறிக்கப்பட்ட, 1 மெகா ஓம் அளவிலான உள்ளீட்டில் செருகுங்கள். மிக்ஸரில் அது இல்லையென்றால் கிட்டாரின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பெட்டி ஒன்றை இடையில் வையுங்கள்.

இரண்டாவது, ஆம்பின் பின்புறத்தைப் பாருங்கள். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே உள்ள பெட்டி என்றால் டிரெபிள் குமிழை எவ்வளவு ஏற்றினாலும் வெளியே வருவதற்கு வழி குறைவு. உயர் ஒலிகளுக்கென்றே உள்ள சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் இருக்கும் பெட்டிகளில் அதன் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு குமிழ் பெரும்பாலும் பின்னால், கேபிள் செருகும் தகட்டில்தான் இருக்கும். அது அணைந்திருப்பதைப் பல மாதங்களாகக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதைப் பலர் ஏற்க மறுப்பார்கள். நீங்கள் கேட்பது டிரெபிளை. உங்களுக்கு வேண்டியது அது அல்ல. பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸிலும் மெல்லிய தந்தி 98 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. கூட்டத்தில் அந்தச் சுரத்தை அடையாளம் காட்டுவது 700 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரையிலான இடைப்பகுதி. அதற்கு மேலே 3,000-இலும் 5,000-இலும் இருப்பது விரல் உரசலும் ஃப்ரெட்டின் மோதலும். அந்த இடத்தைச் சிம்பல்களும் கிட்டார்களும் ஏற்கனவே பிடித்துக்கொண்டிருக்கின்றன. டிரெபிளை நடுவுக்கே இறக்கிவிட்டு 1,000 ஹெர்ட்ஸ் அருகில் சிறிதளவு ஏற்றுங்கள், 250 ஹெர்ட்ஸ் அருகில் அதே அளவு குறையுங்கள். தனியே கேட்டால் மூக்கால் பேசுவதுபோல் அசிங்கமாக இருக்கும். தனியே கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஆக்டிவ் ப்ரீஆம்ப் செய்வதும் இதைத்தான். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே முதல், மின்கலத்தின் துணையோடு கிட்டாருக்குள்ளேயே டிரெபிளை உயர்த்தும் வசதி பேஸ்காரர்களுக்குப் பழகிவிட்டது. அதே வேலையைத் தரையில் வைக்கும் ப்ரீஆம்ப் பெடலும் செய்யும், பஃபராகவும் பயன்படும், மரத்தைக் குடைய வேண்டியதும் இல்லை. ஆனால் செத்த தந்தியின் டிரெபிளை உயர்த்தினால் இரைச்சல்தான் உயரும். அதை நீங்களே ஆம்பில் பார்த்துவிட்டீர்கள்.

நாலுதந்தி:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரமாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கொம்பில் காதை வைத்துக் கேட்டபோதே தாழ்சுரம் சொன்ன "தொம்" கேட்டுவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தந்திகளை மடித்து வெட்டி மாட்டினேன். குறையில் பாதி அன்றே போய்விட்டது. பதிவுக்கு டிஐ பெட்டியை வைத்ததும் சாத்திய கதவு திறந்துவிட்டது. என் ஆம்பில் ட்வீட்டரே இல்லை என்பதும் தெரிந்தது. பெடல்களுக்கு முன்னால் ஒரு பஃபரை வைத்து, கிட்டாரின் கேபிளை 3 மீட்டராக்கினேன். இந்த மாற்றம் தந்தி மாற்றியதைப் போலப் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் பழையபடி 12 மீட்டரில் செருகிப் பார்த்தால் இழப்பு தெரிகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஆலோசனையைத் தயக்கத்தோடுதான் செய்தேன். ஒத்திகையில் டிரம்ஸ் வாசிப்பவர், "இன்றைக்குத்தான் நீ வாசிப்பது கேட்கிறது" என்றார்.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒலியை இன்னும் எழுப்பலாம் என்று பிக்கப்பைத் தந்திகளுக்கு மிக அருகில் உயர்த்தினேன். மீட்டின் தாக்கம் கூடியது, ஆனால் தடித்த தந்தியின் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலைபாய்வதுபோல் இருக்கிறது. அடுத்து, வால்யூம் குமிழை 7 அளவுக்குக் குறைத்தால் பழைய மந்தம் மீண்டும் எட்டிப் பார்க்கிறது. இதற்கு 500 கிலோ ஓம் குமிழ் உதவுமா?

தாழ்சுரம்:

பிக்கப்பை இறக்குங்கள். காந்தம் தந்தியை இழுத்துப் பிடிப்பதால்தான் சுருதி அலைகிறது, சுரமும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். மெல்லிய தந்தியின் பக்கம் 2 மில்லிமீட்டர், தடித்த தந்தியின் பக்கம் 3 மில்லிமீட்டர் என்று தொடங்கி, காதுக்கு ஏற்பத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றி இறக்கலாம்.

ஈயப்புகை:

தந்தியில் தொடங்கச் சொன்னவர் வென்றுவிட்டார்; ஒப்புக்கொள்கிறேன்.

வால்யூம் பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். 500 கிலோ ஓம் குமிழ் இங்கே உதவாது, கெடுதலே செய்யும். வால்யூமைக் குறைக்கும்போது குமிழின் மின்தடையில் ஒரு பகுதி பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவில் வந்து நின்று, கேபிளின் மின்தேக்குதிறனோடு சேர்ந்து உயர் அதிர்வெண்களை வெட்டுகிறது. 250 கிலோ ஓம் குமிழில் இந்தத் தடை அதிகபட்சம் ஏறக்குறைய 62 கிலோ ஓம். 500-இல் அது இரட்டிப்பாகிறது. முழு வால்யூமில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும், குறைத்து வாசிக்கும் நேரத்தில் அதைவிட அதிகமாக இழப்பீர்கள். வால்யூமை ஏற்றி இறக்கி வாசிப்பவர் 250-இலேயே நிற்பது நல்லது. முதல் பதிலில் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

வால்யூம் குமிழுக்கு உள்ளே வரும் முனைக்கும் வெளியேறும் நடுமுனைக்கும் இடையில் 680 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் 150 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் இணையாகப் பற்றவைத்துவிடுங்கள். குமிழைக் குறைக்கும்போது உயர் அதிர்வெண்கள் இந்தக் குறுக்குவழியாகக் கடந்துவிடும். மின்தடையை விட்டுவிட்டுக் கெபாசிட்டரை மட்டும் வைத்தால், வால்யூம் இறங்க இறங்க ஒலி மெலிந்து கீச்சென்று ஆகிவிடும். வால்யூம் குமிழ் இரண்டு உள்ள கிட்டார்களில் ஒன்றன் பாதிப்பு மற்றொன்றில் தெரியும் என்பதால் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்; உங்களுடையது ஒரே குமிழ் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. பற்றவைக்குமுன் கிளிப்புகளால் தற்காலிகமாக இணைத்து, குமிழை 5-இலும் 7-இலும் வைத்து, முழுக் குழுவோடு ஒருமுறை வாசித்துக் கேட்டுவிடுங்கள். அளவு அதிகம் என்று பட்டால் 470 பைக்கோஃபாரட்டுக்கு இறங்கலாம்.